வடை ஏன் கூட வரவில்லை? ஆலிஸ் மென்பொருளோடு ஒரு கோடை

காக்கை பறந்து போய்விட்டது. வடை மட்டும் அந்தரத்தில் நின்றது.

“அம்மா, வடை ஏன் கூட வரலை?”

சமையலறை மேசையில் மடிக்கணினியை என் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டு என் மகள் கேட்டாள். அவளுக்கு 11 வயது. கோடை விடுமுறை தொடங்கி இரண்டு வாரம் ஆகியிருந்தது. பாட்டி வடை சுட்ட கதையை முப்பரிமாணத்தில் எடுக்கப்போகிறேன் என்று உட்கார்ந்தவள், காக்கை வடையைக் கவ்வும் இடத்தில் சிக்கிக்கொண்டாள். அந்த ஒரு கேள்விக்கு நாங்கள் இருவரும் சேர்ந்து விடை தேடிய ஒன்றரை மணி நேரத்தை நான் மறக்க மாட்டேன். அதனால்தான் இந்த மென்பொருளைப் பற்றி விரிவாக எழுதுகிறேன்.

மென்பொருளின் பெயர் ஆலிஸ். கார்னகி மெலன் பல்கலைக்கழகம் இதை இலவசமாகத் தருகிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். புல்வெளி, கடலடி, பனி, நிலவு என்று ஒரு தரையைத் தேர்ந்தெடுக்கலாம். அதன்மேல் மனிதர்களையும் விலங்குகளையும் வீடுகளையும் மரங்களையும் கொண்டுவந்து நிறுத்தலாம். அப்புறம் அவர்களுக்குக் கட்டளை எழுதி அசைய வைக்கலாம். எழுதுவது என்றால் தட்டச்சு செய்வதல்ல. கட்டளைகள் ஓடுகளாக ஒரு பக்கம் அடுக்கியிருக்கும், இழுத்து வந்து வரிசையாக வைக்க வேண்டும். அரைப்புள்ளி விட்டுப்போனது, அடைப்புக்குறி மூடவில்லை என்ற தொல்லையே கிடையாது.

நாங்கள் இருப்பது அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில், ஸ்குவிரல் ஹில் பகுதியில். கார்னகி மெலன் வளாகம் நடந்து போகும் தூரம். அங்கே கணினி அறிவியல் துறையின் கேட்ஸ் கட்டடத்தையும் நாடகத்துறை இருக்கும் பர்னல் கட்டடத்தையும் இணைக்கும் நடைபாலம் ஒன்று இருக்கிறது. இரவில் அதன் பக்கச் சுவர்களில் விளக்குகள் நிறம் மாறிக்கொண்டே இருக்கும். சுவர்த் தகடுகளில் வெட்டியிருக்கும் துளைகளை உற்றுப் பார்த்தால் பென்குவின் வடிவம் தெரியும். போன மார்ச் மாதம் ஒரு மாலை அந்தப் பாலத்தின் மேல் நின்று, “இது யார் பேர்ல இருக்கு?” என்று கேட்டாள் மகள். ராண்டி பௌஷ் என்று பலகையைப் படித்துச் சொன்னேன். யார் அவர் என்று அடுத்த கேள்வி வந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம், சாகப்போகும் நேரத்தில் பேசிய ஒரு பேராசிரியர் என்பது மட்டும்தான். வீட்டுக்கு வந்து தேடிப் படித்தோம். ஆலிஸ் எங்களுக்குக் கிடைத்தது அப்படித்தான்.

அதற்கு முந்தைய ஆண்டு ஒரு இணைய நிரல் வகுப்பில் பணம் கட்டிச் சேர்த்திருந்தேன். பெயர் வேண்டாம். எட்டு வாரம் ஒரே மாதிரி புதிர்களைத் தீர்த்து, பச்சை நட்சத்திரங்கள் சேர்த்து, கடைசியில் ஒரு சான்றிதழ். தப்பாகப் போனால் சிவப்பில் “மீண்டும் முயற்சி செய்” என்று வரும். ஏன் தப்பு என்று வராது. மூன்றாவது வாரத்திலேயே இவள் முகம் வாடிவிட்டது. “எனக்கு மூளை பத்தலை போல” என்று ஒருநாள் சொன்னபோது எனக்கு நெஞ்சு கனத்துப்போனது.

சென்னையில் ஒன்பது ஆண்டுகள் மென்பொருள் டெஸ்டராக வேலை பார்த்தவள் நான். என் வேலையே பிறர் எழுதிய நிரலில் பிழை கண்டுபிடிப்பது. எத்தனையோ முறை, பயன்படுத்துபவர் தடுமாறும் இடத்தைக் காட்டி அறிக்கை அனுப்பியிருக்கிறேன். “யூசர் எரர்” என்று எழுதி மூடிவிடுவார்கள். அதாவது தப்பு மென்பொருளில் இல்லை, மனிதரிடம் இருக்கிறது என்று அர்த்தம். அதை நான் ஒருபோதும் ஏற்றுக்கொண்டதில்லை. ஆலிஸ் எப்படி உருவானது என்று படித்தபோது, என் கட்சியில் நின்ற ஆட்களைக் கண்டுபிடித்த மாதிரி இருந்தது.

பௌஷ் 1960இல் பால்டிமோரில் பிறந்தவர். பிரௌன் பல்கலைக்கழகத்தில் காத்திருப்போர் பட்டியலில்தான் முதலில் இடம் கிடைத்தது. விடாமல் தொலைபேசியில் கேட்டுக் கேட்டு உள்ளே நுழைந்தார். அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர் ஆண்ட்ரீஸ் வான் டாம், கணினி வரைகலையின் முன்னோடிகளில் ஒருவர். 1982இல் பட்டம் முடித்ததும் மேற்படிப்புக்கு கார்னகி மெலன் அவரை மறுத்துவிட்டது. வான் டாம் பேசித்தான் அந்தக் கதவு திறந்தது. 1988இல் முனைவர் பட்டம் வாங்கிக்கொண்டு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்தார்.

தலையில் திரை மாட்டிக்கொண்டு உள்ளே இருப்பதுபோலவே பார்க்கும் மெய்நிகர் உலகம் என்றால் அந்தக் காலத்தில் லட்சக்கணக்கான டாலர் விவகாரம். பெரிய ஆய்வுக்கூடங்களுக்கு மட்டும்தான் கட்டுப்படியாகும். பௌஷும் மாணவர்களும் கடையில் கிடைத்ததை வைத்துச் செய்து பார்த்தார்கள். 386 சில்லு போட்ட சாதாரணக் கணினி. தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று காட்டும் ஒரு காந்த உணரி. கண்ணுக்கு முன்னால் வைத்துக்கொள்ளும் பிரைவேட் ஐ என்ற குட்டித் திரை இரண்டு. அதில் சிவப்பு நிறம் மட்டும்தான் தெரியும். கைக்கு, பிள்ளைகள் நின்டெண்டோ வீடியோ விளையாட்டுக்குப் பயன்படுத்திய மட்டெல் பவர் குளோவ் என்ற கையுறை. எல்லாம் சேர்த்து 5,000 டாலருக்குள் முடித்து, 1991இல் ஆய்வுக்கட்டுரையாக எழுதினார்கள். தெரிந்தது கம்பிக்கூடு மாதிரி கோட்டுருவங்கள்தான். ஆனால் தலையைத் திருப்பினால் உலகம் கூடவே திரும்பியது.

மலிவானதும் அடுத்த சிக்கல் வந்தது. கருவியை வாங்கிவிடலாம், அதற்குள் காட்ட வேண்டியதை யார் எழுதுவது? முப்பரிமாண நிரல் எழுதக் கணிதமும் சி என்ற நிரல் மொழியும் கரைத்துக் குடித்திருக்க வேண்டும். கதை சொல்லத் தெரிந்தவர்கள், நாடகம் போடுகிறவர்கள், ஓவியர்கள் எல்லோரும் வெளியே நின்றார்கள். அவர்களை உள்ளே கொண்டுவரத்தான் 1990களின் தொடக்கத்தில் ஆலிஸை எழுத ஆரம்பித்தார்கள். பிள்ளைகளுக்கு நிரல் கற்றுத்தருவது அப்போது நோக்கமல்ல. மெய்நிகர் உலகத்தைச் சீக்கிரம் கட்டிப் பார்க்க ஒரு பட்டறை, அவ்வளவுதான்.

அதில் அவர்கள் செய்த ஒரு காரியம் எனக்கு ரொம்பப் பிடித்தது. தலைத்திரை போட்டவர் தலையைத் திருப்பியதும் படம் உடனே மாறியாக வேண்டும். கொஞ்சம் தாமதமானாலும் தலை சுற்றும், குமட்டும். ஆனால் உள்ளே ஓடும் கதைக் கணக்கு மெதுவாக நடக்கலாம். இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டினால் கதை திணறும்போது படமும் திணறும். ஆலிஸ் இரண்டையும் பிரித்துவிட்டது. வரைபவர் வேகமாக வரைந்துகொண்டே இருப்பார், கதைக்காரர் தன் வேகத்தில் வருவார். எழுதும் ஆளுக்கு இந்தப் பிரச்சினை இருப்பதே தெரிய வேண்டியதில்லை.

அந்தக் குழுவில் இருந்த மேத்யூ கான்வே என்ற மாணவர், அறிவியல் படிக்காத மாணவர்களை இருவர் இருவராக உட்கார வைத்து ஆலிஸைப் பயன்படுத்தச் சொன்னார். இருவர் என்றால் பேசிக்கொள்வார்கள், பேசினால் எங்கே குழம்புகிறார்கள் என்று காதில் விழும். குழம்பிய இடத்தில் மென்பொருளைத் திருத்தினார்கள். டெஸ்டராக இருந்த எனக்கு இதைப் படித்தபோது கண் கலங்கிவிட்டது என்று சொன்னால் மிகையில்லை.

அவர்கள் திருத்திய சிலதைச் சொல்கிறேன், இவை இன்றைக்கும் ஆலிஸில் இருக்கின்றன. வரைகலைப் புத்தகங்களில் ஒரு பொருளை நகர்த்துவதற்கு ‘டிரான்ஸ்லேட்’ என்று பெயர். சாதாரண மனிதருக்கு அது மொழிபெயர்ப்பு. ஆகவே ‘மூவ்’ ஆனது. ‘ஸ்கேல்’ என்பது ‘ரீசைஸ்’ ஆனது. எக்ஸ், ஒய், இசட் என்ற அச்சுகள் போய், முன்னே, பின்னே, இடம், வலம், மேலே, கீழே என்று வந்தது. முன்னே என்றால் பார்க்கிறவருக்கு முன்னே இல்லை, அந்தப் பொருளுக்கு முன்னே. காக்கை எந்தப் பக்கம் முகம் திருப்பி உட்கார்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம். என் மகள் இதைப் புரிந்துகொள்ள, எழுந்து நின்று தானே காக்கையாகக் கையை விரித்துச் சமையலறையில் நடந்து பார்த்தாள். இரண்டு நிமிடத்தில் பிடிபட்டுவிட்டது.

சுழற்றுவதற்கும் இரண்டு சொற்கள். ‘டர்ன்’ என்றால் திரும்புவது, ‘ரோல்’ என்றால் பக்கவாட்டில் சாய்வது. ஆமாம் என்று தலையாட்டினால் முன்னால் டர்ன். இல்லை என்று ஆட்டினால் இடம் வலமாக டர்ன். நம் ஊரில் சரி சரி என்று தலையை இரண்டு பக்கமும் சாய்ப்போமே, அதுதான் ரோல். இப்படிச் சொல்லிக் கொடுத்தேன். பாட்டிப் பாத்திரத்துக்கு முதலில் இவள் வைத்த அசைவு அதுதான். கழுத்து, தோள், முழங்கை என்று மூட்டு மூட்டாகப் பிடித்து ஆட்ட, நாங்கள் பயன்படுத்தும் மூன்றாம் பதிப்பான ஆலிஸ் 3 விடுகிறது. பாட்டி நம் ஊர்ப் பாட்டியாகத் தலையசைத்தாள்.

இன்னொன்று. எந்தக் கட்டளை கொடுத்தாலும், வேறு சொல்லாவிட்டால், ஒரு நொடி எடுத்துக்கொண்டுதான் அசையும். சட்டென்று இடம் மாறாது. இதனால் என்ன லாபம்? தப்பு நடக்கும்போது கண்ணுக்குத் தெரிகிறது. காக்கை கிளைக்குப் போகாமல் தரைக்குள் இறங்கியது என்றால், இறங்குவதை ஒரு நொடி முழுக்கப் பார்க்கலாம். எந்த வரியில் தவறு என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும். சிவப்புக் குறி தேவையில்லை.

முதல் ஆலிஸ்கள் பைத்தான் என்ற நிரல் மொழியில் எழுத வைத்தன. புதியவர்களைத் தடுமாற வைத்தவற்றில் இரண்டு முக்கியமானவை. பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு என்று மொழி எடுத்துக்கொள்வது ஒன்று. ஒன்றை இரண்டால் வகுத்தால் அரை வராமல் பூஜ்யம் வருவது இன்னொன்று. அந்தப் பிள்ளைகளுக்கு மூளை பத்தவில்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆலிஸ் குழு தங்கள் பைத்தானையே மாற்றிக்கொண்டது. வகுத்தல் விஷயத்தில் பைத்தான் மொழியும் 2008இல் வந்த மூன்றாம் பதிப்பில் மாறிவிட்டது, இப்போது அரை என்றே விடை வரும்.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். நாங்கள் தேடியவரை, ஆயத்த உருவங்களை அடுக்கியிருக்கும் ஆலிஸ் 3இன் பொருள் அறையில் காக்கை கிடைக்கவில்லை. நீள மூக்குப் பறவை ஒன்றை எடுத்துக் கறுப்பு வண்ணம் கொடுத்தாள். நரி வேடத்துக்கு ஓநாய். பாட்டிக்கு நரைத்த தலையோடு முதியவர் உருவம் இருக்கிறது. இந்த மனித உருவங்கள் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் சிம்ஸ் விளையாட்டிலிருந்து வந்தவை. 2006இல் அவர்கள் கொடுக்க முன்வந்து, பிறகு ஆலிஸ் 3இல் சேர்ந்தன. முகமும் உடம்பும் நன்றாக இருக்கின்றன. புடவை எங்கள் கண்ணில் படவில்லை, பாவாடை சட்டையோடுதான் பாட்டி அடுப்பு முன்னால் நிற்கிறாள். வடை? அதைத்தான் சொல்ல வேண்டும். உருண்டை, பெட்டி, கூம்பு என்று அடிப்படை வடிவங்கள் ஒரு பகுதியில் இருக்கின்றன. அதில் ‘டோரஸ்’ என்று ஒன்று, நடுவில் ஓட்டை போட்ட வளையம். பார்த்ததும் துள்ளிக் குதித்தாள். “அம்மா, மெதுவடை!”

இனி அந்தரத்தில் நின்ற வடை. காக்கை கிளம்பும்போது வடையையும் அதே தூரம் நகரச் சொல்லி முதலில் எழுதினாள். ‘டூ டுகெதர்’ என்று ஒரு பெட்டி உண்டு, அதற்குள் போடுவதெல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும். இரண்டும் சேர்ந்து நகர்ந்தன. ஆனால் காக்கை நடுவில் திரும்பியதும் வடை நேராகப் போய்விட்டது. அதன் முன்னே வேறு, காக்கையின் முன்னே வேறு அல்லவா? கணக்குப் போட்டுப் பார்த்தோம், சரிப்படவில்லை. அப்போதுதான் ‘செட் வெஹிக்கிள்’ என்ற கட்டளை கண்ணில் பட்டது. ஒவ்வொரு பொருளும் எதன்மேல் சவாரி செய்கிறது என்று அதில் சொல்லலாம். தொடக்கத்தில் எல்லாமே காட்சியின் மேல் சவாரி. வடையின் வாகனத்தைக் காக்கையின் வாய் என்று மாற்றினாள். ஓட விட்டாள். காக்கை திரும்பியது, சாய்ந்தது, கிளையில் போய் உட்கார்ந்தது. வடை வாயைவிட்டு அகலவே இல்லை.

வரைகலைக்காரர்கள் இதைப் பெற்றோர் பிள்ளை உறவு என்பார்கள். தோள் அசைந்தால் முழங்கை கூடவே வர வேண்டும், முழங்கை வந்தால் விரலும் வர வேண்டும். முப்பரிமாணப் படங்கள், விளையாட்டுகள், மெய்நிகர் உலகங்கள் எல்லாவற்றுக்கும் அடியில் இந்த உறவு மரம்தான் இருக்கிறது. கல்லூரியில் இதை அணிகளாக, அதாவது மேட்ரிக்ஸ் என்ற எண் கட்டங்களாகப் படிக்கிறார்கள். இவளுக்கு அது வாகனமாக வந்தது. முருகனுக்கு மயில் மாதிரி வடைக்குக் காக்கை என்று அவளே சொன்னாள்.

காக்கை பாடும்போது வடை விழ வேண்டும். வாகனத்தைத் திரும்பக் காட்சிக்கு மாற்றினாள், வடை மறுபடி அந்தரத்தில் நின்றது. ஆலிஸில் புவியீர்ப்பு தானாக வராது, கீழே நகரச் சொல்லி நாம்தான் எழுத வேண்டும். பௌஷுக்குச் சிறுவயதில் எடையற்று மிதக்க வேண்டும் என்று ஆசை. பின்னாளில் அவருடைய மாணவர்கள் நாசாவின் எடையற்ற விமானத்தில் பறக்க ஒரு போட்டியில் வென்றார்கள், கூட வரும் ஆசிரியருக்கு அனுமதி இல்லை என்றார்கள். விதிகளைப் படித்துப் பார்த்து, பத்திரிகையாளராக விண்ணப்பித்து ஏறிக்கொண்டார். அந்தக் கதையைச் சொன்னதும், வடை கொஞ்ச நேரம் மிதந்துவிட்டே விழட்டும் என்று ஒரு நொடி கூட்டி வைத்தாள்.

கேமராவை எங்கே வைப்பது என்பதில்தான் அதிக நேரம் போனது. முதல் வடிவில் காக்கை வடையை எடுப்பது ஒரு மூலையில் நடந்தது, பார்த்த பக்கத்து வீட்டுப் பையன் கவனிக்கவே இல்லை. இதற்கும் பௌஷிடம் ஒரு பாடம் இருக்கிறது. 1990களின் நடுவில், டிஸ்னி பூங்காக்களின் விளையாட்டுகளை வடிவமைக்கும் இமேஜினியரிங் பிரிவில் போய் வேலை பார்த்தார். மாயக் கம்பளத்தில் பறக்கும் மெய்நிகர் விளையாட்டு ஒன்றை அவர்கள் எப்காட் பூங்காவில் 14 மாதம் மக்களுக்குத் திறந்து வைத்திருந்தார்கள். 45,000 பேருக்கு மேல் பறந்தார்கள். அந்த அனுபவத்தை 1996இல் கட்டுரையாக எழுதினார்கள். சுற்றிலும் உலகம் இருந்தும் மக்கள் தலையை அதிகம் திருப்பவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று ஒரு குறிக்கோள் கொடுத்தால்தான் கதைக்குள் வந்தார்கள். நான் இதைச் சொன்னேன். பாட்டி முதலில் மேலே அண்ணாந்து பார்க்கட்டும், அப்போது பார்க்கிறவனும் அங்கே பார்ப்பான் என்று இவள் கண்டுபிடித்தாள். அந்த யோசனையை நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

1997இல் பௌஷ் கார்னகி மெலனுக்கே ஆசிரியராகத் திரும்பினார். மெய்நிகர் உலகங்களைக் கட்டுவதற்கென்று ஒரு பாடம் தொடங்கினார். கணினி, ஓவியம், நாடகம், வடிவமைப்பு என்று எல்லாத் துறையிலிருந்தும் மாணவர்கள். சிறு சிறு குழுக்கள், ஒவ்வொரு உலகத்துக்கும் இரண்டே வாரம், முடிந்ததும் குழு கலைந்து புதுக் குழு. துப்பாக்கிச் சூடும் ஆபாசமும் கூடாது என்பது விதி. முதல் தவணையிலேயே மாணவர்கள் அவர் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு நன்றாகச் செய்துவிட்டார்கள். திகைத்துப்போய்த் தன் ஆசிரியர் வான் டாமைக் கூப்பிட்டுக் கேட்டார். நன்றாக இருக்கிறது, இன்னும் நன்றாகச் செய்வீர்கள் என்று போய்ச் சொல், எல்லையை நீ போட்டுவிடாதே என்பதுதான் அவர் கொடுத்த ஆலோசனை. துணிந்து பெரிதாக முயன்று தோற்ற குழுவுக்கு அந்த வகுப்பில் ‘முதல் பென்குவின்’ என்று ஒரு விருது உண்டு. ஆபத்து இருக்கலாம் என்று தெரிந்தும் தண்ணீரில் முதலில் குதிக்கும் பென்குவின். பாலத்தின் சுவரில் பார்த்தது அதுதான் என்று தெரிந்ததும் மறுபடி போய்த் துளைகளைத் தொட்டுப் பார்த்தாள்.

நாடகப் பேராசிரியர் டான் மரினெல்லியோடு சேர்ந்து பொழுதுபோக்குத் தொழில்நுட்ப மையத்தையும் அவர்தான் தொடங்கினார். கணினித்துறையையும் நாடகத்துறையையும் ஒரு பாலம் சேர்ப்பது அதனால்தான்.

ஆலிஸ் ஒருவர் செய்த வேலை அல்ல. டென்னிஸ் காஸ்குரோவ் பல ஆண்டுகள் அதன் நிரலைக் கட்டினார். வாண்டா டேனும் ஸ்டீபன் கூப்பரும் வகுப்பறைக்கு ஏற்ற பாடமுறையை உருவாக்கினார்கள். கெய்ட்லின் கெல்லெஹர் என்ற ஆய்வு மாணவி, நடுநிலைப் பள்ளிச் சிறுமிகள் கதை சொல்ல ஆசைப்படுகிறார்கள் என்று கவனித்து, கதைக்கென்றே ஒரு ஆலிஸைச் செய்தார். 88 சிறுமிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, கதை ஆலிஸ் கிடைத்தவர்கள் நிரல் எழுதுவதில் 42 சதவீதம் அதிக நேரம் செலவிட்டார்கள். நேரம் முடிந்த பிறகும் திருட்டுத்தனமாகத் தொடர்ந்தவர்கள் அதில் 51 சதவீதம், சாதாரண ஆலிஸில் 16 சதவீதம். இந்த எண்ணை நான் நம்புவதற்கு ஆய்வுக்கட்டுரை தேவையில்லை. இரவு பத்தரைக்குப் போர்வைக்குள் வெளிச்சம் தெரிந்து போய்ப் பார்த்தால், ஓநாய்க்கு வாலாட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

வாங்குகிறவர்கள் கேட்கும் கேள்விகளுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன், இலவசம்தான் என்றாலும். கைப்பேசியில் நடக்காது, கணினி வேண்டும். ஆலிஸ் 2, ஆலிஸ் 3 இரண்டும் கிடைக்கின்றன. பழைய கணினி என்றாலோ, பிள்ளை சின்னது என்றாலோ 2இல் தொடங்குங்கள். உருவங்கள் எளிமையானவை, ஆனால் லேசாக ஓடும். ஆலிஸ் 3க்கு நினைவகம் கொஞ்சம் தாராளமாக வேண்டும். எங்கள் வீட்டு ஏழு வருட மடிக்கணினியில் மரங்களை அடுக்கியபோது விசிறி இரைந்தது, தோப்பு ஒற்றை மரமானதும் சரியாகிவிட்டது. ஆலிஸ் 3 ஜாவா மொழிக்குப் படிக்கட்டு. நீங்கள் இழுத்து வைத்த ஓடுகளுக்கு இணையான ஜாவா வரிகளைப் பக்கத்திலேயே காட்டச் சொல்லலாம். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இது பெரிய உதவி. என் மகளுக்கு இப்போது தேவையில்லை, நான்தான் ஆசையோடு படித்தேன்.

பெற்றவர் யாராவது முதல் வாரம் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பது என் கருத்து. பொருள் அறை பெரிது, மெனுக்கள் அதிகம், தனியாக விட்டால் பிள்ளை அலங்காரத்திலேயே நாளைக் கழித்துவிடும். ஸ்கிராட்ச் என்ற நிரல் மென்பொருளில் இருபரிமாணத்தில் பழகிய பிள்ளைகளுக்கு ஆழம் என்ற மூன்றாவது திசை ஆரம்பத்தில் படுத்தும். வடை காக்கையின் வாயில் இருப்பதுபோல் தெரியும், கேமராவைச் சுற்றினால் நாலடி பின்னால் இருக்கும். அதற்குப் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமைக்கு ஈடாகக் கிடைப்பது பெரிது.

பௌஷுக்கு 2006 செப்டம்பரில் கணையப் புற்றுநோய் என்று தெரிந்தது. 2007 செப்டம்பர் 18 அன்று இங்கே மக்கானமி அரங்கில் தன் கடைசிச் சொற்பொழிவை நிகழ்த்தினார். மேடையில் தண்டால் எடுத்துக் காட்டினார். மகளும் நானும் அதை முழுவதும் பார்த்தோம். அதில் ஆலிஸைப் பற்றிப் பேசும் இடம் வந்ததும் நான் நிறுத்தி, திரும்ப ஓடவிட்டேன். பைபிளில் வாக்களிக்கப்பட்ட நாட்டைத் தூரத்திலிருந்து மட்டும் பார்த்த மோசேயைப் போலத் தானும் ஆலிஸின் அடுத்த காலத்தைப் பார்க்க மட்டும் முடியும், கால் வைக்க முடியாது என்று சொன்னார். லட்சக்கணக்கான பிள்ளைகள் விளையாடுகிறோம் என்று நினைத்துக்கொண்டே கடினமான ஒன்றைக் கற்றுக்கொள்வார்கள் என்று நம்பினார். 2008 ஜூலை 25 அன்று இறந்துபோனார். “அவர் ஆலிஸ் 3 பார்க்கலையா?” என்று கேட்டாள். முழுதாக வெளிவந்ததைப் பார்க்கவில்லை என்றேன். பேசாமல் போய் மடிக்கணினியைத் திறந்தாள்.

காக்கையின் பாட்டுக்கும் பாட்டியின் வசனத்துக்கும் குரல் வேண்டியிருந்தது. ஒலிக்கோப்பைச் சேர்த்து, எந்த இடத்தில் ஒலிக்க வேண்டும் என்று ஒரு கட்டளையை இழுத்து வைத்தால் போதும். மேலூரில் இருக்கும் என் அம்மாவிடம் கேட்டோம். “சூடா இருக்கு, தொடாதடி” என்று பாட்டியாகவும் கா கா என்று காக்கையாகவும் வாட்ஸ்அப்பில் பதிவு செய்து அனுப்பினார். பின்னால் சேவல் கூவுவதும் சேர்ந்தே வந்தது. அதை வெட்ட வேண்டாம் என்று மகள் சொல்லிவிட்டாள்.

முழுக்கதை ஒரு நிமிடம் நாற்பது நொடி. திரையைக் கைப்பேசியில் படம் பிடித்து மேலூருக்கு அனுப்பினோம். அம்மா இரண்டு தடவை பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

“எல்லாம் நல்லாருக்கு கண்ணு. வடைதான் வெள்ளையா இருக்கு. இன்னும் வேகலை.”

“ஐயோ அம்மாச்சி, டோரஸ் வெள்ளையாத்தான் வரும், நான் கலர் மாத்தலை!” என்று கத்திக்கொண்டே ஓடியவள், அடுத்த ஐந்து நிமிடத்தில் அதைப் பொன்னிறமாக்கித் திரும்ப அனுப்பினாள்.